உப்புத் தக்கை

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்
3 ஜூன் 1924

தம்பி ஆரோக்கியசாமிக்கு, உன் அக்கா மரியம்மாள் மாதாவின் கையில் உன்னை ஒப்புக்கொடுத்து எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆலங்காயம் காட்டில் உனக்கு மறுபடியும் மலைக்காய்ச்சல் வந்ததா? கொயினா மாத்திரை கசக்கிறது என்று நாய்க்குப் போட்டுவிட்டு, எனக்குச் 'சாப்பிட்டேன்' என்று எழுதுகிறவன் நீ. அதனால் நாய் சுகமா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மாமா விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார்கள். பட்டாளத்தில் பென்ஷன் வாங்கி வந்த நாளிலிருந்து ஐந்து வருஷமாக அவர் அந்தத் தோல் பதனிடுகிற ஷாப்பில் கேட் காவல் பார்த்தது உனக்குத் தெரியும். போன மாதம் இருபதாம் தேதி, எண்ணிக்கையில் ஆறு தோல் குறைந்ததாம். மதில் ஓரம் இரண்டு கிடந்ததாம். மேஸ்திரி கோதண்டபாணி வந்து, "ஹவில்தாரே, நீ தூக்கிப் போட்டுட்டு ராத்திரி வந்து எடுத்துக்கலாம்னு பாத்தியா?" என்று கேட்டிருக்கிறான். அதோடு விட்டானா? அந்தப் பச்சைத் தோலை ஈரத்தோடு அவர் தலையில் வைத்து, கேட்டண்டை நிற்க வைத்துவிட்டான். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் எல்லா ஆளும் வெளியே போகிற வரைக்கும் நின்றார். உப்புத் தண்ணீர் முகத்தில் வழிய வழிய நின்றார். முதலாளி சாயபு சென்னைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள், நானும் உப்பு உதறுகிற கொட்டகையிலிருந்து வந்து பார்த்தேன். பாஸ்ரா சண்டையில் மெடல் வாங்கிய மனுஷன்.

வீட்டுக்கு வந்து குளித்தார், சோறு தின்றார். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் அந்த ஷாப்பை விட்டு நின்று, வேறு ஷாப்பில் அதே உப்பு வேலைக்குப் போகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, அந்தப் பழைய மார்ட்டினித் துப்பாக்கியை இறக்கினார். பட்டாளத்துத் துரை அவருக்கு வெகுமதியாகக் கொடுத்தது. காட்டுப்பன்றி சுட என்று கலெக்டராபீசில் லைசன்ஸ் இருக்கிறது. அதற்குத் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. சுட்ட பித்தளைக் குழல் ஆறு வைத்திருக்கிறார், அதிலேயே வெடிமருந்தும் குண்டும் மறுபடி மறுபடி தானே அடைத்துக்கொள்வார். இப்போது தினமும் அதுதான் வேலை. ஈயத்தை உருக்குகிறார், குண்டு வார்க்கிறார், பிடிக்கவில்லை என்று திரும்ப உருக்குகிறார். "இன்னாத்துக்கு இவ்ளோ?" என்றேன். "பன்னிக்கு" என்றார். இந்த வருஷம் பன்றி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை.

பதில் போடு. எனக்கு மனசு சரியில்லை.

உன் அக்கா
மரியம்மாள்


ஆலங்காயம்
16 ஜூன் 1924

என் தாய் ஸ்தானத்து அக்காவுக்கு, ஆரோக்கியசாமி அடிபணிந்து எழுதும் சேதி. பெயரில் மட்டும் ஆரோக்கியம் உள்ள இந்தக் காட்டுக் காவலனுக்குக் காய்ச்சல் இரண்டு தரம் வந்து போயிற்று. நாய் உன்னை விசாரித்தது.

மாமாவுக்கு நடந்ததை வாசித்தேன். அந்த மேஸ்திரி என் காட்டுக்கு விறகு பொறுக்க வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தோட்டா போடுகிறார் என்று நீ பயப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை. வேலை போன ஆம்பளை சாராயக் கடையில் உட்காராமல் வீட்டில் உட்கார்ந்து ஈயம் உருக்குகிறான் என்றால், அதற்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. மாமா போடுகிற தோட்டா என்றால் எங்கள் ரேஞ்சர் துரையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார். போன வருஷம் ஏலகிரி அடிவாரத்தில் நூறு கஜத்தில் பன்றியைச் சாய்த்தாரே, அப்போது அந்தத் துரை, "ஹவில்தார், உன் கை கடிகாரம் மாதிரி" என்று சொல்லி மாமா கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா ஒரு வாரம் அந்தக் கையைச் சரியாகக் கழுவவில்லை என்று நீதானே சொன்னாய்!

கருவாடு அனுப்பினால் உனக்கு மோட்சம் நிச்சயம்.

தம்பி
ஆரோக்கியசாமி


சேசு மரி சூசை துணை

ஆம்பூர்
2 ஜூலை 1924

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம். கருவாடு வாணியம்பாடி போகிற வண்டியில் அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் நிற்கிற வரைக்கும் குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

நீ விளையாட்டாக எழுதியிருக்கிறாய். நானும் விளையாட்டாக இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. கேள்.

பதினைந்து நாளாக விடிவதற்கு முன் எழுந்து பாலாற்று மணலுக்குப் போகிறார். கேட்டால் "காத்தாட" என்கிறார். நேற்று அவர் பின்னாலேயே போனேன். ஆற்று நடுவில் நாணல் புதர் இருக்கிறது அல்லவா, அதன் பின்னால் குப்புறப் படுத்தார். கையில் துப்பாக்கி இல்லை, கைத்தடிதான். நன்றாக வெளிச்சம் வந்ததும் அந்தக் கோதண்டபாணி கையில் செம்போடு ஆற்றைக் கடந்து வந்தான். அக்கரைத் தோப்புக் கிணற்றில் குளிக்க தினமும் அந்த வழியில்தான் போவானாம். உன் மாமா அந்தக் கைத்தடியைத் தோளில் பதித்து, கன்னத்தை ஒட்டி வைத்து, அவன் நடக்க நடக்கத் தடியின் நுனியையும் கூடவே நகர்த்திக்கொண்டு போனார். அவன் கரை ஏறுகிற வரைக்கும். அப்புறம் எழுந்து, புதரிலிருந்து அவன் நடந்த தடம் வரைக்கும் அடி வைத்து அளந்தார்.

நான் ஓடி வந்துவிட்டேன். அவர் வீட்டுக்கு வந்ததும் "கஞ்சி இருக்குதா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஆரோக்கியம், உன் மாமா அந்த மேஸ்திரியைச் சுடப் போகிறார். அவன் செத்தால் இவருக்கு வேலூர் ஜெயிலில் கயிறு. அந்தப் பாவிக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. நான் காலைப் பிடித்துக் கேட்டால், "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே செய்துவிடுவார். அவர் குணம் எனக்குத் தெரியும்.

நீ ஒன்று செய். உன் காட்டில் புலியோ சிறுத்தையோ ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவருக்கு எழுது. வேட்டைக்குக் கூப்பிடு. துப்பாக்கியோடு இரண்டு மாதம் அங்கேயே வைத்துக்கொள். வேட்டை என்றால் எழுந்து வருவார். நான் சொன்னதாகத் தெரியக்கூடாது. இந்தத் தபாலிலேயே எழுது.

அக்கா
மரியம்மாள்


ஆம்பூர்
4 ஆகஸ்டு 1924

தம்பிக்கு. ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? படுத்த படுக்கையாக இருந்தால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

இங்கே ஒன்றும் மாறவில்லை. வேளாங்கண்ணி மாதா திருநாளுக்கு இந்த வருஷம் போகலாமா என்று கேட்டேன். "ஒரு வேலை பாக்கி கீது. அத முடிச்சுட்டு நீ எங்க வேணா போ" என்றார். 'போலாம்' என்று சொல்லவில்லை, 'நீ போ' என்றார்.

வேலூருக்குப் போய்ப் புது மருந்து வாங்கி வந்திருக்கிறார். போன வருஷம் அடைத்த ஆறையும் பிரித்துக் கொட்டிவிட்டார். வாசலில் அந்தப் பழைய மருந்து இன்னும் கறுப்பாகக் கிடக்கிறது. ஆறையும் புதிதாக அடைக்க வேண்டுமாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வட்டமாக ஒரு தோல் வைப்பார்கள், தக்கை என்று பெயர். அதை இதுவரைக்கும் அவரே வெட்டிக்கொள்வார். இப்போது கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. என்னை வெட்டித் தரச் சொல்கிறார்.

அந்தக் காரியத்துக்கு நானே வெட்டித் தர வேண்டுமாம். எழுது தம்பி.

மரியம்மாள்


சேசு மரி சூசை துணை

ஆம்பூர்
14 ஆகஸ்டு 1924

தம்பிக்கு. நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இனிமேல் நீ அவரைக் கூப்பிட வேண்டாம். உன்னை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று நானே ஒரு வழி செய்துவிட்டேன்.

ஷாப்பு வேலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உப்பு. உப்பு ஏறிய பச்சைத் தோல் இருக்கிறதே, அது வெயிலில் போட்டாலும் உள்ளே காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், மழைக்காற்று அடித்தால் மறுபடியும் கசியும். பதனிட்ட தோலில் வெட்ட வேண்டிய தக்கையை நான் அந்தப் பச்சைத் தோல் கழிவில் வெட்டினேன். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டேன். சிவந்துவிட்டது. மேலே மெழுகு தடவினேன். கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நல்லா வெட்டியிருக்கிற மரி" என்றார். மே மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் முகம் பார்த்துச் சொன்ன வார்த்தை அதுதான். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் எதிரிலேயே ஆறையும் அடைத்து மூடினார்.

பத்து நாள் போனால் மருந்து ஈரம் குடித்துவிடும். துப்பாக்கிக் குதிரையைத் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அவன் பிழைத்து ஓடுவான், இவர் கையில் இரத்தம் இருக்காது. அப்புறம் என்னை வெட்டிப் போட்டாலும் சரி. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. இது பாவமா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறக்காதே. எந்தக் காரணத்துக்கும் அவரை அந்தத் தோட்டாக்களோடு காட்டுக்குக் கூப்பிட்டுவிடாதே. மனுஷனுக்கு எதிரில் வெடிக்காத துப்பாக்கி நல்லது, மிருகத்துக்கு எதிரில் அப்படி இல்லை.

அக்கா
மரியம்மாள்


புதூர்நாடு முகாம், ஜவ்வாது மலை
30 ஆகஸ்டு 1924

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அந்தோணி அவர்களுக்கு, மைத்துனன் ஆரோக்கியசாமி வணங்கி எழுதுவது. மாமாவும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், காட்டில் வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

ஜூலை ஆரம்பத்தில் என்னை ஆலங்காயத்திலிருந்து மலைக்கு மேலே மாற்றிவிட்டார்கள். வந்ததும் காய்ச்சலில் விழுந்தேன். ஒரு மாதம் கம்பளிக்குள்ளேயே கிடந்தேன். எனக்கு வருகிற கடிதமெல்லாம் ஆலங்காயம் ரேஞ்சு ஆபீசில்தான் கிடக்கும், நானாக இறங்கினால்தான் கைக்கு வரும். இதைக் கடுக்காய்ச் சுமையோடு இறங்குகிற ஆள் திருப்பத்தூரில் தபாலில் போடுவான்.

மாமா, இங்கே ஒரு சிறுத்தை கெட்டுப்போய்விட்டது. ஆடு மாடு என்று இருந்தது, இப்போது மலைவாசிகளான மலையாளிப் பெண்கள் இரண்டு பேரை அடித்துவிட்டது. கடைசியில் போனவள் விறகு பொறுக்கப் போன கர்ப்பிணி. ஜனங்கள் வெளியே வராமல் பட்டினி கிடக்கிறார்கள். என் கையில் இருப்பது ஒரு கோடரி. ரேஞ்சர் துரை, "உன் மாமா, அந்தக் கடிகாரக் கை ஹவில்தார் வருவாரா?" என்று கேட்டார். நீங்கள் வந்தால் போதும். மார்ட்டினியையும், அடைத்து வைத்த தோட்டா அத்தனையும் எடுத்து வாருங்கள். வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக வர வேண்டாம், காட்டாறு எந்த நேரமும் பெருகும். திருப்பத்தூர் வழியாக வாருங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள், நாய் செத்துவிட்டது. சிறுத்தைதான்.

ஆரோக்கியசாமி


ஆலங்காயம் ரேஞ்சு ஆபீசு
6 செப்டம்பர் 1924

ஆரோக்கியம், சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் மாமா நேற்றுக் காலை கிளம்பிவிட்டார். நான் கொட்டகையில் இருந்தேன். பக்கத்து வீட்டு சுகரா பேகத்திடம் உன் கடிதத்தைக் காட்டிச் சிரித்தாராம். "அவ வந்தா சொல்லிடும்மா, புலி வேட்டைக்குப் போறேன், நாலு நாள்ல வர்றேன்"னு சொல்லிட்டுப் போனாராம். நான் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்குள் ரயில் போய்விட்டது.

ஆறு தோட்டாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆறும் வெடிக்காது. நான் கெடுத்தது. தக்கையில் உப்பு.

அவர் விட்டுப்போன உன் கடிதத்தை முழுசாக வாசிக்கத் தோன்றாமல், உன் பழைய விலாசம்தானே என்று நான் இங்கே வந்துவிட்டேன். வந்து பார்த்தால், சுவரில் இருக்கிற தபால் பெட்டியில் நான் ஆகஸ்டில் எழுதிய இரண்டு கடிதமும் பிரிக்காமல் இருக்கின்றன. என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆறு கரை புரண்டு ஓடுகிறது. மேலே போகிற ஆள் ஒருவரும் இல்லை. ஃபாரஸ்டர் ராமமூர்த்தி ஐயா நாளை திருப்பத்தூர் போய், அங்கே இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு மலை ஏறுகிறாராம். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அழுதேன். "சிறுத்தை அடிக்கிற எடத்துக்குப் பொம்பளைய இட்டுனு போனா என் வேலை போய்டும்மா" என்கிறார். நான் இங்கே கோயில் தாழ்வாரத்தில் இருப்பேன். தண்ணீர் வடிந்ததும் ஏறி வருவேன்.

அவரை மரத்தை விட்டு இறங்க விடாதே. காரணம் கேட்டால் என்னைச் சொல்.

மரியம்மாள்


புதூர்நாடு
8 செப்டம்பர் 1924
மாதா பிறந்த நாள்

அன்பான அக்காவுக்கு. திருநாள் வாழ்த்து. மாமா சனிக்கிழமை பொழுது சாய வந்து சேர்ந்தார், வழியெல்லாம் நடந்து. நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறேன், ஐம்பது வயது மனுஷன் தலைப்பாகையோடு நிமிர்ந்து வந்து நிற்கிறார். வந்ததும் ஊர் ஜனத்தைக் கூட்டி, சிறுத்தை தடம் பார்த்து, மரத்தில் பரண் கட்டச் சொல்லிவிட்டார். எல்லாரும் அவரை 'தொரை' என்கிறார்கள். அக்கா, அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

ஜூலையில் நீ எழுதியதை நினைத்து நான் மனசுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு அவரே சொன்னார். நான் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். கீழே பார். நாளைச் சாயங்காலம் பரணில் உட்காருகிறோம்.

ஆரோக்கியசாமி

மரியம்மாளுக்கு. சுகமாய் வந்து சேர்ந்தேன். நீ ஆற்றுக்கு என் பின்னால் வந்ததை அன்றைக்கே பார்த்தேன். அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி துப்பாக்கியோடு போய்ப் படுத்தேன். மேஸ்திரி வந்தான். நேர் எதிரில் காலில் முள் ஏறி, மணலில் உட்கார்ந்துவிட்டான். 'யம்மா யம்மா' என்று முனகிக்கொண்டு பிடுங்கினான். எனக்கு அருவருப்பாகப் போய்விட்டது. இவனுக்காகவா என்று இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றோடு அது போயிற்று. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. தோட்டா ஆறும் இந்த மிருகத்துக்குத்தான். நீ தக்கை வெட்டிய சுத்தம் பட்டாளத்து ஆயுதக்காரனுக்கும் வராது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். வந்ததும் வேளாங்கண்ணி போகலாம், இரண்டு பேரும். அந்தோணி.


திருப்பத்தூர் ஆஸ்பத்திரி
14 செப்டம்பர் 1924

அக்காவுக்கு. இதை உட்கார்ந்து வாசி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

மாமா நம்மை விட்டுப் போய்விட்டார். பதினொன்றாம் தேதி விடியற்காலை, மலை வழியில். மறுநாள் இங்கே கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சாமியார் நன்றாகச் செய்தார். எனக்குத் தொடையில் பதினெட்டுத் தையல், என்னால் எழுந்து போக முடியவில்லை. ஆலங்காயத்தில் தந்தி ஆபீஸ் கிடையாது, நீ வீடு திரும்பியிருப்பாய் என்று நினைத்து ஆம்பூருக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். வீடு பூட்டியிருக்கிறது என்று பதில் வந்தது.

நடந்ததை மறைக்க மாட்டேன். ஒன்பதாம் தேதி சூரியன் இறங்குகிற நேரம் பரணுக்குக் கீழே கட்டியிருந்த ஆட்டுக்குச் சிறுத்தை வந்தது. மாமா குதிரையைத் தட்டினார். டக் என்றது, ஒன்றும் இல்லை. துப்பாக்கியைச் சற்றுத் தாழ்த்தினார், அப்போதுதான் அது புஸ்ஸென்று வெடித்தது. குண்டு போய்ப் பின்னங்காலில் பட்டது. மிருகம் நொண்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. "ஒண்ணு நமுத்துப் போச்சு. மத்த அஞ்சும் நான் போட்டதுதான், சரியா இருக்கும்" என்றார். காயம் பட்டதை அப்படியே விட்டால் நாளைக்கு யாரையாவது கொன்றுவிடும் என்று, காலையில் புதருக்குள் அவரே முன்னால் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பத்து அடியில் அது எழுந்தது. மாமா அசையாமல் நின்று, தோளில் வைத்து, தட்டினார். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் நான் எழுத மாட்டேன். நான் கோடரியால் வெட்டினேன், மிருகம் செத்தது.

மாமாவைத் தூளி கட்டி இறக்கும்போது ஃபாரஸ்டர் எதிரில் வந்தார். உன் கடிதத்தைக் கொடுத்தார். தூளி பக்கத்தில் படுத்தபடியே வாசித்தேன். மாமாவுக்கு நினைவு இருந்தது. "யார் எழுதினது, மரியா? இன்னா எழுதியிருக்கா?" என்றார். "சுகமா வந்து சேந்தீங்களான்னு கேக்குது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மருந்த நான் சரியா காயவெக்கல மாப்ளே. என் தப்பு. கை போய்டுச்சு எனுக்கு. அவகிட்ட சொல்லாத" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அக்கா, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருக்கிறது. ஆனால் என் மேலும் அதே அளவு இருக்கிறது. ஜூலையிலேயே நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ அதைச் செய்திருக்க மாட்டாய்.

போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். தோட்டா ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டார்கள். இறந்தவர் சரியாக அடைக்கவில்லை என்று சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். மீதி நாலு தோட்டாவும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நடக்க முடிந்ததும் ஆற்றில் போட்டுவிடுவேன். நீ வாயைத் திறக்காதே. திறந்தால் உன்னைக் கொலை என்று பிடிப்பார்கள், பொய் வாக்குமூலம் என்று என்னையும். போனவர் திரும்பப் போவதில்லை. என் பேச்சை இந்த ஒரு தடவை கேள்.

ஆரோக்கியசாமி


சேசு மரி சூசை துணை

ஆம்பூர்
19 செப்டம்பர் 1924

தம்பிக்கு. தையல் பிரித்தார்களா? சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரிக் கஞ்சியை வேண்டாம் என்று சொல்லாமல் குடி.

பத்து நாள் ஆலங்காயம் கோயில் தாழ்வாரத்தில் கிடந்தேன். தண்ணீர் வடியவில்லை. யாரோ ஒரு ஃபாரஸ்ட் கார்டுக்கு அடிபட்டதாம் என்று ரேஞ்சு ஆபீசில் சொன்னார்கள், யார் என்று சொல்லத் தெரியவில்லை. ஏதாவது தபால் வந்திருக்குமோ என்று வீட்டுக்குத் திரும்பினேன். கதவிடுக்கில் இரண்டு கடிதம் ஒன்றாகக் கிடந்தது. தேதி பார்க்காமல் கையில் முதலில் வந்ததைப் பிரித்தேன், அதில் அவர் கையெழுத்து இருந்தது. வேளாங்கண்ணி போகலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது, தம்பி. நின்ற இடத்திலேயே சிரித்தேன். சுகரா பேகம் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மற்றதைப் பிரித்தேன்.

நான் அழுததை எழுதி என்ன ஆகப்போகிறது. அவர் இருபத்தாறாம் தேதி எழுந்து வந்துவிட்டார். நான் பதினாலாம் தேதியே அவரைக் கொன்று வைத்திருந்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேறு மாதிரி வரவில்லை.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். நேற்று லைசன்ஸைத் திருப்பி வாங்க ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் வந்தார். தெருவே கூடிவிட்டது. "தோட்டா போடத் தெரியாம பூட்டாராமே" என்று அவர் எல்லாரும் கேட்கச் சொன்னார். இன்றைக்குக் காலையில் பழைய ஷாப்பு வழியாகப் போனேன். கேட்டில் கோதண்டபாணி நின்றுகொண்டு, "தோட்டா போடத் தெரியாதவன்லாம் ஹவில்தாராம், மெடலாம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவன் உயிரோடு நின்று சிரிக்கிறான், அதற்காகத்தான் நான் அத்தனையும் செய்தேன். அவன் சாக வேண்டும் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது பொய்.

ஒரு பொய்யை அவர் தலையில் வைத்து நிற்க வைத்தார்கள், நான் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்னொரு பொய்யையும் வைத்துப் புதைத்தாயிற்று, அதை வைத்தது நீயும் நானும். தனக்குக் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டே செத்திருக்கிறார்.

உன்னை வந்து பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் நாளைக் காலை ரயிலில் வேலூர் போகிறேன். போலீஸ் பெரிய அதிகாரியிடம், தக்கையை வெட்டியது நான், உப்பு ஏற்றியது நான் என்று சொல்லப் போகிறேன். உனக்கு ஒன்றும் தெரியாது, என் கடிதம் எதுவும் உனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வேன். ஃபாரஸ்டர் கொடுத்ததை இன்றே கிழித்துவிடு. அந்த நாலு தோட்டாவை மட்டும் ஆற்றில் போடாதே. பிரித்துப் பார்த்தால்தான் அவர் மருந்தைச் சரியாகப் போட்டிருக்கிறார் என்று நம்புவார்கள். நீ போட்டுவிட்டிருந்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

அங்கே முதலில் புருஷன் பெயர் கேட்பார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், ஒரு நாளும் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரைக் காட்டுவேன், அவர்கள் சொல்வார்கள். நாளைக்கு என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அந்தோணி. ஹவில்தார் அந்தோணி. திக்காமல் வருகிறது.

உன் அக்கா
மரியம்மாள்